நெல்சன் ஏன் 'வெள்ளை'யின் வைஸ் அட்மிரல்?

கேள்வி இது. 1805-ல் ட்ராஃபால்கர் கடற்போரில் இறந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனைப் பற்றிப் படித்தால், அவருடைய பதவி 'வைஸ் அட்மிரல் ஆஃப் த ஒயிட்' என்று இருக்கிறது. அதே போரில் அவருக்கு அடுத்த இடத்தில் இருந்த காலிங்வுட் 'வைஸ் அட்மிரல் ஆஃப் த ப்ளூ'. இந்த வெள்ளையும் நீலமும் என்ன? சீருடையின் நிறமா, கௌரவப் பட்டமா, வேறு ஏதாவதா?

சீருடைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அது அவர்களுடைய கொடியின் நிறம். பிரிட்டிஷ் அரச கடற்படையில் சுமார் இருநூறு ஆண்டுகள் ஓர் அட்மிரலின் பதவியைக் கண்டுபிடிக்க இரண்டு விஷயங்களைப் பார்த்தால் போதும்: அவருடைய கொடி என்ன நிறம், அது எந்தப் பாய்மரத்தில் பறக்கிறது. நிறம் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று. பாய்மரமும் மூன்று. மூன்றை மூன்றால் பெருக்கினால் ஒன்பது. அந்த ஒன்பதும்தான் அன்றைய கடற்படையின் உச்சிப் பதவிகள். நெல்சனுடையது வெள்ளை நிறம், முன் பாய்மரம்.

சுருக்கமான பதில் அவ்வளவுதான். ஆனால் அந்த நிறங்கள் எப்படி வந்தன, எப்படிப் போயின என்பதுதான் இதில் சுவையான பகுதி. அதை முழுசாகச் சொல்கிறேன்.

முதலில் கொடி எதற்கு என்று பார்ப்போம். ரேடியோ இல்லாத காலம். ஐம்பது, நூறு கப்பல்கள் ஒரே கடலில் பரவி நிற்கும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பல மைல். நடுவில் பீரங்கிப் புகை வேறு. இந்தக் கூட்டத்தில் தலைவர் எங்கே இருக்கிறார் என்று எல்லாக் கேப்டன்களுக்கும் எந்நேரமும் தெரிந்திருக்க வேண்டும். அவர் திரும்பினால் திரும்ப வேண்டும், அவர் மோதினால் மோத வேண்டும். ஆகவே அவர் இருக்கும் கப்பலின் பாய்மர உச்சியில், மற்ற எந்தக் கப்பலிலும் இல்லாத ஒரு கொடி பறந்தது. இரவில் துணி தெரியாது என்பதால், தலைவரின் கப்பலில் மரத்தின் மேலே ஒரு விளக்கும் ஏற்றுவார்கள்.

அந்தக் கப்பலுக்குத்தான் 'ஃபிளாக்ஷிப்' என்று பெயர். இன்று போன் விமர்சனங்களில் 'இந்த ஆண்டின் ஃபிளாக்ஷிப் மாடல்' என்று கேட்கிறோமே, அந்தச் சொல் இங்கிருந்து போனதுதான். கொடிக்கப்பல் என்றால் பெரிய கப்பல் என்று அர்த்தம் இல்லை. அட்மிரலின் கொடி எதில் பறக்கிறதோ அது கொடிக்கப்பல். அட்மிரல் அந்தக் கப்பலை ஓட்டுவதும் இல்லை. அதற்குத் தனியாக ஒரு கேப்டன் உண்டு. விக்டரி கப்பலில் நெல்சன் அட்மிரல், ஹார்டி கேப்டன். ஒருவருக்கு மொத்தக் கப்பற்படை பொறுப்பு, மற்றவருக்கு அந்த ஒரு கப்பல்.

ஓர் அட்மிரல் பொறுப்பேற்றால் 'கொடியை ஏற்றினார்' என்பார்கள். பொறுப்பை விட்டால் 'கொடியை இறக்கினார்'. கோயில் திருவிழா கொடியேற்றத்தில் தொடங்கிக் கொடியிறக்கத்தில் முடிகிற ஊரில் வளர்ந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

சரி, மூன்று நிறங்கள் எப்படி வந்தன? கப்பல்களின் எண்ணிக்கை கூடக் கூட, ஒரே தலைவர் எல்லாவற்றையும் கட்டி மேய்க்க முடியாமல் போனது. எனவே படையை மூன்று அணிகளாகப் பிரித்தார்கள். 1625-ல் ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்தின் மீது படையெடுத்தபோது ஆங்கிலேயர்கள் அணிக்கு ஒரு நிறம் கொடுத்தார்கள்: தலைமை அட்மிரலின் அணிக்குச் சிவப்பு, அடுத்ததற்கு நீலம், மூன்றாவதற்கு வெள்ளை. 1653-ல், மன்னர் இல்லாத குடியரசுக் காலத்தில், டச்சுக்காரர்களோடு கடும் போர் நடந்துகொண்டிருந்தபோது வரிசை மாறியது. சிவப்பு, வெள்ளை, நீலம் என்று ஆனது. அதற்குப் பிறகு அந்த வரிசை மாறவே இல்லை. போர் வரிசையில் நிற்கும்போது வெள்ளை அணி முன்னால், சிவப்பு நடுவில், நீலம் கடைசியில்.

அந்தக் காலத்தில் இந்த நிறங்கள் வெறும் பெயர் இல்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1665-ல் லோஸ்டாஃப்ட் போரில் மன்னரின் தம்பி யார்க் கோமகன் சிவப்பு அணிக்கும், இளவரசர் ரூபர்ட் வெள்ளை அணிக்கும், சாண்ட்விச் பிரபு நீல அணிக்கும் தலைமை தாங்கினார்கள். மூவரும் உண்மையாகவே அந்தந்த அணியின் நடுவே நின்று போரிட்டார்கள். ஒவ்வோர் அணிக்குள்ளும் மூன்று தலைவர்கள்: அணியின் நடுவில் அட்மிரல், முன்பகுதிக்கு வைஸ் அட்மிரல், பின்பகுதிக்கு ரியர் அட்மிரல். 'வைஸ்' என்றால் துணை. 'ரியர்' என்றால் பின்னால் இருப்பவர். இன்று நம் கடற்படையிலும் புழங்கும் இந்தப் பெயர்கள், போர் வரிசையில் ஒருவர் நின்ற இடத்தின் பெயர்கள்தான்.

நிறம் அணியைச் சொல்லிவிட்டது. அணிக்குள் யார் பெரியவர் என்பதை எப்படிக் காட்டுவது? அதற்குத்தான் பாய்மரம். பெரிய போர்க்கப்பலுக்கு மூன்று பாய்மரங்கள். நடுவில் இருப்பதுதான் உயரம், அது அட்மிரலுக்கு. முன்னால் இருப்பது வைஸ் அட்மிரலுக்கு. பின்னால் இருப்பது, மூன்றிலும் குட்டையானது, ரியர் அட்மிரலுக்கு. வெறும் நீலத் துணி நடு மரத்தில் பறந்தால் நீல அணியின் அட்மிரல். அதே துணியை முன் மரத்தில் ஏற்றினால் நீல அணியின் வைஸ் அட்மிரல். பின் மரத்தில் ஏற்றினால் ரியர் அட்மிரல். எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்தது இந்தச் சிக்கனம்தான். துணியில் எழுத்து இல்லை, சித்திரம் இல்லை. தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு நிறமும் உயரமும் மட்டும் தெரிந்தால் போதும்.

ஒரு கப்பலின் பின்புறம் பறக்கும் பெரிய தேசியக் கொடிக்கு என்சைன் என்று பெயர். அணியில் உள்ள எல்லாக் கப்பல்களும் தங்கள் அட்மிரலின் நிறத்திலேயே என்சைன் பறக்கவிட வேண்டும். சிவப்பு அட்மிரலின் கீழ் இருந்தால் சிவப்பு என்சைன், நீல அட்மிரலின் கீழ் இருந்தால் நீல என்சைன். ஆகவே ஒவ்வொரு போர்க்கப்பலும் மூன்று நிற என்சைன்களையும் பெட்டியில் வைத்திருந்தாக வேண்டும்.

இப்போது வெள்ளை. இந்த நிறத்தின் கதை மற்ற இரண்டையும்விட வளைந்து வளைந்து போகிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பிரான்ஸ் அரசின் கடற்படைக் கொடி வெறும் வெள்ளை. 1672-ல் இங்கிலாந்தும் பிரான்சும் சேர்ந்து டச்சுக்காரர்களை எதிர்த்தன. அப்போது சோல்பே என்ற இடத்தில் நடந்த போரில், கூட்டுப்படையின் வெள்ளை அணியாக நின்றது பிரெஞ்சுக் கப்பல்களே. அவர்களிடம்தான் ஏற்கெனவே வெள்ளைக் கொடி இருந்ததே, புதிதாகத் தைக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. (1665-ல் நீல அணிக்குத் தலைமை தாங்கினார் என்று மேலே சொன்ன சாண்ட்விச் பிரபு இந்தப் போரிலும் நீல அட்மிரல். எதிரிகள் தீவைத்து அனுப்பிய கப்பல் மோதி அவருடைய கொடிக்கப்பல் எரிந்து, அவர் கடலில் மாண்டார்.)

முப்பது ஆண்டுகளில் நிலைமை தலைகீழ். 1702-ல் இங்கிலாந்தும் பிரான்சும் எதிரிகளாக ஒரு பெரிய போருக்குள் நுழைந்தன. இப்போது ஆங்கிலேய வெள்ளை அணியின் அட்மிரல் கொடியும் வெறும் வெள்ளை, எதிரியின் கொடியும் வெறும் வெள்ளை. புகைக்கு நடுவே இது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. அதனால் வெள்ளை அணியின் கொடியில் பெரிதாக ஒரு சிவப்புச் சிலுவையைப் போட்டார்கள்: இங்கிலாந்தின் பழைய அடையாளமான புனித ஜார்ஜ் சிலுவை. சிவப்பு அணிக்கும் நீல அணிக்கும் இந்தத் தொல்லை இல்லாததால் அவர்களுடைய அட்மிரல் கொடிகள் வெறும் நிறமாகவே தொடர்ந்தன. இந்தச் சிலுவையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அது நம் ஊர் வரைக்கும் வருகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு மாற்றம் மெல்ல மெல்ல நடந்தது. அணிகள் வெறும் பெயராகிவிட்டன. உலகம் முழுக்கக் கப்பல்கள் பரவியிருக்க, 'நீல அணி' என்று ஓர் இடத்தில் கூடி நிற்கும் கப்பல் கூட்டம் எதுவும் இல்லை. ஆனால் பெயர்கள் மட்டும் மிஞ்சி, பதவி உயர்வு ஏணியின் படிகளாகிவிட்டன. கேப்டனாக இருப்பவர் முதலில் நீலத்தின் ரியர் அட்மிரல் ஆவார். பிறகு வெள்ளையின் ரியர் அட்மிரல், சிவப்பின் ரியர் அட்மிரல். பிறகு மறுபடி நீலத்தில் தொடங்கி மூன்று வைஸ் அட்மிரல் படிகள். அப்புறம் நீலத்தின் அட்மிரல், வெள்ளையின் அட்மிரல். சிவப்பின் அட்மிரல் என்ற படி மட்டும் இல்லை. ஏனென்றால் சிவப்பு அணியின் அட்மிரல் என்றால் மொத்தப் படைக்கும் தலைவர். அவருக்கு 'அட்மிரல் ஆஃப் த ஃப்ளீட்' என்று பெயர், நடு மரத்தில் யூனியன் கொடி. அந்தப் பதவியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான், அதுவும் ஆயுள் முழுக்க.

நெல்சனின் வாழ்க்கையையே எடுத்துக்கொள்வோம். 1797 பிப்ரவரியில் நீலத்தின் ரியர் அட்மிரல். 1798-ல் நைல் போரில் வெற்றி பெற்றபோதும் அவர் இந்தப் படியில்தான் இருந்தார். 1799-ல் சிவப்பின் ரியர் அட்மிரல். 1801 ஜனவரி 1 அன்று நீலத்தின் வைஸ் அட்மிரல். அந்த ஆண்டு ஏப்ரலில் கோபன்ஹேகன் போர். 1804 ஏப்ரலில் வெள்ளையின் வைஸ் அட்மிரல். அவர் இறந்தது இந்தப் படியில்.

கவனியுங்கள், இதில் எந்தப் படி உயர்வும் திறமைக்குக் கிடைத்தது இல்லை. கேப்டன்களின் பட்டியலில் யார் முந்தியவரோ அவர்தான் முதலில் அட்மிரல் ஆவார். பட்டியலில் நடுவில் இருக்கும் ஒரு கெட்டிக்காரரை அட்மிரல் ஆக்க விரும்பினால், அவருக்கு மேலே இருக்கும் அத்தனை பேரையும் சேர்த்து உயர்த்தியாக வேண்டும். அவர்களில் பலர் கிழவர்கள், நோயாளிகள், கடலுக்கே லாயக்கில்லாதவர்கள். இந்தச் சிக்கலுக்கு 1747-ல் ஒரு வழி கண்டார்கள். அப்படிப்பட்ட கேப்டன்களை ரியர் அட்மிரல் ஆக்குவது, ஆனால் எந்த அணியும் தராமல். ஊதியம் உண்டு, பெயர் உண்டு, கொடி கிடையாது. இவர்களை மாலுமிகள் 'மஞ்சள் அட்மிரல்' என்று அழைத்தார்கள். கடற்படையில் மஞ்சள் அணி என்று ஒன்று இல்லை, அதுதான் அந்தப் பெயரின் பொருள். நாற்பது வருஷம் கடலில் உழைத்துவிட்டு, கடைசியில் இல்லாத ஒரு நிறத்தின் பெயரால் அழைக்கப்பட்ட அந்த மனிதர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு கனக்கிறது.

அட்மிரலுக்குக் கீழே கமடோர் என்று ஒரு நிலை. அது அப்போது நிலையான பதவி இல்லை. ஒரு மூத்த கேப்டனிடம் தற்காலிகமாகச் சில கப்பல்களை ஒப்படைத்தால் அவர் கமடோர். அவருக்குச் சதுரக் கொடி கிடையாது, நுனி பிளந்த அகலமான பெனன்ட் என்ற வால் கொடிதான். பொறுப்பு முடிந்ததும் பெனன்டை இறக்கிவிட்டு மறுபடி கேப்டன்.

இந்தக் கொடிகள் நம் கரையோரத்திலும் பறந்திருக்கின்றன. 1782, 1783 ஆண்டுகளில் ஆங்கிலேய வைஸ் அட்மிரல் எட்வர்ட் ஹியூஸும் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சஃப்ரனும் இந்தக் கடலில் ஐந்து முறை மோதினார்கள். 1782 பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே, ஏப்ரலில் இலங்கையின் கிழக்குக் கரையில், ஜூலையில் நாகப்பட்டினத்துக்கு எதிரே, செப்டம்பரில் திருகோணமலைக்கு வெளியே, 1783 ஜூனில் கடலூருக்கு எதிரே. ஹியூஸ் நீலத்தின் வைஸ் அட்மிரல். ஆகவே அவருடைய கொடிக்கப்பலான சூப்பர்பின் முன் பாய்மரத்தில் வெறும் நீலக் கொடி. சஃப்ரன் பக்கம் பிரான்சின் வெள்ளை.

சதுரங்கப்பட்டினத்துப் போரில் ஹியூஸின் வரிசையின் கடைசியில் நின்ற எக்ஸிடர் என்ற கப்பல் படாதபாடு பட்டது. அதில் ரிச்சர்ட் கிங் என்பவர் கமடோராக இருந்தார். பல பிரெஞ்சுக் கப்பல்கள் அந்த ஒரு கப்பலைச் சூழ்ந்துகொண்டு அடித்தன. கப்பலின் கேப்டன் ரேனால்ட்ஸ் போரிலேயே உயிரிழந்தார். கிங் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரே கப்பலில் அணிக்கு ஒருவர், கப்பலுக்கு ஒருவர் என்று இரண்டு பொறுப்பு இருந்ததன் அர்த்தம் இது மாதிரி நேரங்களில்தான் புரியும்.

கொடி விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் இதே கடல்தான் எடுத்துக்காட்டு. கொடியை இறக்குவது என்றால் சரணடைவது. அது தானாக இறக்கியதா, குண்டு பட்டு விழுந்ததா என்று தூரத்தில் இருப்பவனுக்குத் தெரியாது. 1782 செப்டம்பர் 3 அன்று திருகோணமலைக்கு வெளியே நடந்த போரில் சஃப்ரனின் எரோ கப்பலின் நடு மரம் முறிந்து கொடியோடு சேர்ந்து சரிந்தது. எதிரிகள் ஆரவாரம் செய்தார்கள். சஃப்ரன் மேல்தளத்தில் நின்று, 'வெள்ளைக் கொடிகளைக் கொண்டு வாருங்கள், கப்பலைச் சுற்றி எல்லா இடத்திலும் கட்டுங்கள்' என்று கத்தியதாகச் சொல்வார்கள். இன்று வெள்ளைக் கொடி என்றாலே சரணாகதி என்று நினைக்கும் நமக்கு இது புரியக் கொஞ்ச நேரம் ஆகும். அன்று பிரெஞ்சு மாலுமிக்கு வெள்ளைக் கொடி என்றால் 'இன்னும் சண்டை போடுகிறோம்' என்று பொருள்.

இதேபோல் ஆங்கிலேயர் பக்கம் நடந்த ஒரு நிகழ்ச்சி மிகவும் பிரபலம். 1797 அக்டோபர் 11, டச்சுக்காரர்களோடு கேம்பர்டவுன் போர். அட்மிரல் டங்கன் நீலத்தின் அட்மிரல், எனவே வெனரபிள் கப்பலின் நடு மரத்தில் நீலக் கொடி. குண்டு பட்டு மரத்தின் உச்சி உடைந்து கொடி விழுந்தது. சண்டர்லண்ட் ஊரைச் சேர்ந்த ஜாக் கிராஃபர்ட் என்ற இளம் மாலுமி, குண்டுமழைக்கு நடுவே மிச்சமிருந்த மரத்தில் ஏறி, கொடியை ஆணி வைத்து அறைந்துவிட்டு இறங்கினார். ஆணி அடித்த கொடியை யாராலும் இறக்க முடியாது, அதாவது சரணடைய முடியாது. அவருடைய ஊரில் பின்னாளில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

இனி ட்ராஃபால்கர். கேள்விக்கான நேரடிப் பதில் இங்கேதான் இருக்கிறது. போருக்குச் சில நாட்களுக்கு முன் நெல்சனுக்கு ஒரு தலைவலி. அவர் வெள்ளை. அவருடைய இரண்டாவது வரிசைக்குத் தலைமை தாங்கும் காலிங்வுட் நீலம். விதிப்படி போனால் பாதிக் கப்பல்கள் வெள்ளை என்சைனோடும் பாதி நீல என்சைனோடும் போருக்குள் நுழையும். எதிரே பிரெஞ்சுக் கொடி, ஸ்பானியக் கொடி என்று ஏற்கெனவே இரண்டு. கலப்புச் சண்டையாக முடியும் என்று நெல்சனே திட்டமிட்டிருந்தார். எனவே அக்டோபர் 10 அன்று ஓர் ஆணை போட்டார்: எதிரி கண்ணுக்குத் தெரியும்போது எல்லாக் கப்பல்களும் வெள்ளை என்சைனே பறக்கவிட வேண்டும், அதோடு முன் மரத்துக் கயிற்றில் ஒரு யூனியன் ஜாக்கும் தொங்க வேண்டும். இப்படித்தான் நீல அட்மிரலின் கப்பல்களும் அன்று வெள்ளையோடு போரிட்டன. மூன்று நிற ஏற்பாடு போருக்கு உதவாது என்று அந்தக் கடற்படையின் மிகச் சிறந்த தளபதி செயலில் காட்டிவிட்டார் என்றே நான் இதைப் படிக்கிறேன். ஆனாலும் அந்த ஏற்பாடு இன்னும் அறுபது ஆண்டு உயிரோடு இருந்தது.

அன்று இன்னொன்றும் நடந்தது. காலிங்வுட்டின் ராயல் சாவரின் கப்பல் பாய்மரங்களை இழந்து முடமாகிவிட்டது. நெல்சன் இறந்து, மொத்தப் படையும் காலிங்வுட் பொறுப்பில் வந்த நேரம். ஆனால் கொடி ஏற்றவும் சமிக்ஞை காட்டவும் அவரிடம் ஆட்டம் கண்ட முன் மரத்தைத் தவிர வேறு மரம் இல்லை. அவர் தன் கொடியோடு யூரியாலஸ் என்ற சிறிய ஃபிரிகேட் கப்பலுக்கு மாறினார். நூறு பீரங்கிக் கப்பலை விட்டுவிட்டுச் சின்னக் கப்பலுக்குப் போனதற்குக் காரணம், அதில் மரங்கள் நின்றிருந்தன.

போருக்குப் பிறகு, 1805 நவம்பர் 9 அன்று, 'சிவப்பின் அட்மிரல்' என்ற விடுபட்ட படி கடைசியில் உருவாக்கப்பட்டது. அன்றே பெரிய பதவி உயர்வுப் பட்டியலும் வந்தது. காலிங்வுட் நீலத்திலிருந்து நேராகச் சிவப்பின் வைஸ் அட்மிரல் ஆனார். ஒன்பது படிகள் பத்தாயின. 1806 ஜனவரி 9 அன்று லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் நெல்சனை அடக்கம் செய்தபோது, விக்டரியின் கொடியை மடித்துக் குழிக்குள் வைக்க வேண்டிய மாலுமிகள் அதைக் கிழித்து ஆளுக்கொரு துண்டாகச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்கள். எழுதாத ஒரு விதியின்படி அது அவர்களுக்குச் சேர வேண்டியதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மூன்று நிறங்களும் 1864 ஜூலையில் முடிவுக்கு வந்தன. காரணங்கள் ஏற்கெனவே குவிந்திருந்தன. ஓர் அட்மிரல் நீலத்திலிருந்து வெள்ளைக்கு உயர்ந்தால் அவருக்குக் கீழ் இருந்த கப்பல்கள் எல்லாம் என்சைனை மாற்ற வேண்டும். ஒவ்வொரு கப்பலும் மூன்று மடங்கு கொடி சுமக்க வேண்டும். வணிகக் கப்பல்களும் சிவப்பு என்சைனே பறக்கவிட்டதால், தூரத்தில் வருவது போர்க்கப்பலா வியாபாரக் கப்பலா என்று அந்நிய நாட்டவருக்குக் குழப்பம். அதனால் நிறங்களைப் பங்கு பிரித்தார்கள்: போர்க்கப்பல்களுக்கு வெள்ளை, வணிகக் கப்பல்களுக்குச் சிவப்பு, அரசின் மற்றக் கப்பல்களுக்கும் சேமப்படைக்கும் நீலம். இன்றும் அப்படித்தான். அட்மிரல்கள் எல்லோருக்கும் ஒரே கொடி, 1702-ல் வெள்ளை அணிக்குக் கிடைத்த புனித ஜார்ஜ் சிலுவைக் கொடி.

நிறம் போயிற்று. அடுத்து மரம். நீராவி வந்ததும் பாய் தேவைப்படவில்லை, மரங்களும் குறைந்துகொண்டே போயின. 1870-களில் வந்த டெவஸ்டேஷன் என்ற போர்க்கப்பலுக்குப் பாயே கிடையாது, ஒரே ஒரு கம்பம். அதில் வைஸ் அட்மிரல் முன் மரத்தைத் தேடி எங்கே போவார்? இதற்குப் படகுகளில் ஏற்கெனவே ஒரு விடை இருந்தது. அட்மிரல்கள் கரைக்குப் போகும் சிறிய படகில் ஒரே மரம்தான். அதனால் படகுக் கொடிகளில் பதவியைக் காட்ட வட்டப் பொட்டுகள் வைப்பது வழக்கம். அதையே கப்பலுக்கும் எடுத்துக்கொண்டார்கள். சிலுவை மட்டும் இருந்தால் அட்மிரல். கம்பத்தை ஒட்டிய பக்கத்தில் ஒரு சிவப்பு வட்டம் இருந்தால் வைஸ் அட்மிரல். இரண்டு வட்டம் இருந்தால் ரியர் அட்மிரல். பொட்டு கூடினால் பதவி குறைவு. முதலில் பார்ப்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். வெறும் சிலுவையைத் தொடக்கமாக வைத்து, கீழே இறங்க இறங்க அடையாளம் கூடுகிறது என்று நினைத்துக்கொண்டால் மறக்காது. கமடோருக்கு நுனி பிளந்த பெனன்டில் சிலுவையும் ஒரு வட்டமும்.

இவர்கள் எல்லோருக்கும் மேலே ஒரு கொடி உண்டு: கருஞ்சிவப்புத் துணியில், கயிறு சுற்றிய தங்க நங்கூரம். அது லார்ட் ஹை அட்மிரலின் கொடி. நீண்ட காலம் அந்தப் பொறுப்பை ஒரு குழு சேர்ந்து பார்த்ததால் கொடியும் அந்தக் குழுவின் அலுவலகத்தில் பறந்தது. 1964-ல் அரசி எலிசபெத் அந்தப் பட்டத்தைத் தானே ஏற்றார். 2011-ல் தன் கணவர் பிலிப்பின் தொண்ணூறாவது பிறந்தநாளுக்கு அவருக்குக் கொடுத்தார்.

கடைசியாக, நம் ஊர் வரைக்கும் வரும் என்று சொன்ன அந்தச் சிலுவை. ராயல் இந்தியன் நேவி வெள்ளை என்சைனைத்தான் பறக்கவிட்டது. 1950 ஜனவரி 26 அன்று மூலையில் இருந்த யூனியன் ஜாக் போய் மூவர்ணம் வந்தது. சிலுவை அப்படியே இருந்தது. 2001 ஆகஸ்ட் 15-ல் சிலுவையை எடுத்துவிட்டு, வெள்ளைத் துணியில் நீல நிறத்தில் கடற்படைச் சின்னத்தை வைத்தார்கள். கடலிலிருந்து ஒரு புகார் வந்தது: வானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே அந்த நீலம் கரைந்து போகிறது, கொடி தெரியவில்லை. 2004-ல் சிலுவை திரும்ப வந்தது, நடுவில் அசோகர் சிங்கத்தோடு. 1702-ல் அந்தச் சிலுவையைப் போட்டவர்களுக்கும் இதே கவலைதான் இருந்தது, தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குச் சரியாகத் தெரிய வேண்டும் என்று.

2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பல் படையில் சேர்ந்த நாளில் அது முழுமையாக இறங்கியது. அதன் இடத்தில் சத்ரபதி சிவாஜியின் முத்திரையை ஒட்டிய எண்கோண நீலச் சின்னம் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் பாதியும் இந்த நூற்றாண்டின் தொடக்கமும் சென்னைத் துறைமுகத்துக்கு வந்த இந்தியப் போர்க்கப்பல்களின் பின்புறத்தில் நாம் பார்த்த அந்தச் சிவப்புச் சிலுவை, பிரெஞ்சு வெள்ளையிலிருந்து தன்னைப் பிரித்துக் காட்ட ஆங்கிலேய வெள்ளை அணி போட்டுக்கொண்டது. நெல்சனின் பதவிப் பெயரில் இருக்கும் 'வெள்ளை'யும் அதே அணியினுடையது.